பகைவர் தந்த சாட்சியம்

இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடைக்கு நகர்ந்தபின் விருதுகளைப் பற்றிய பேச்சு எழாத மாலை ஒன்றை நாம் இதுவரை கண்டதில்லை. யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைத்திருக்க வேண்டும், எத்தனை ஆண்டு தாமதமாகக் கிடைத்தது என்று கணக்குகள் விரியும். தாமதத்தைப் பற்றிப் பேசும்போது நம் குரலில் ஏறும் சூடு வேறெதிலும் ஏறுவதில்லை. அந்தச் சூட்டுக்கு நாமும் விலக்கல்லர். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்பு இந்திய விமானப்படை வீரர் ஒருவரின் பதக்கத்தைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அதன் பிறகு தேநீர்க் கடைப் பேச்சில் நம் குரல் சற்றுத் தணிந்துதான் ஒலிக்கிறது. அந்தப் பதக்கம் வருவதற்கு இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. தாமதத்துக்குக் காரணம் பொறாமையோ குழு அரசியலோ இல்லை. அவர் செய்ததைக் கண்ட ஒருவரும் இந்தப் பக்கத்தில் இல்லை என்பதுதான் காரணம்.

அஜ்ஜமட போப்பையா தேவய்யா 1932 டிசம்பரில் குடகில் பிறந்தவர். 1954இல் விமானப்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1965 போர் தொடங்கியபோது அவர் பயிற்றுநர், ஸ்குவாட்ரன் லீடர் தகுதியில் இருந்தவர். போருக்காக முதலாம் ஸ்குவாட்ரனில் இணைக்கப்பட்டார். பஞ்சாபில் ஜலந்தருக்கு அருகேயுள்ள ஆதம்பூர் தளத்திலிருந்து பறந்த அந்த ஸ்குவாட்ரனின் கையிலிருந்தவை மிஸ்டேர் என்னும் பிரெஞ்சு விமானங்கள். செப்டம்பர் 7 விடியற்காலையில், பாகிஸ்தான் விமானப்படையின் முதன்மைத் தளமான சர்கோதாவைத் தாக்கப் பன்னிரண்டு மிஸ்டேர்கள் செல்ல வேண்டும் என்பது திட்டம். தலைமை ஏற்றவர் விங் கமாண்டர் ஓ.பி. தனேஜா. தேவய்யா அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் அல்லர். யாருடைய விமானமாவது பழுதானால் அந்த இடத்தை நிரப்பக் காத்திருந்த மாற்று விமானி அவர். பழுது நேர்ந்தது, அவர் புறப்பட்டார்.

இந்த ஓர் உண்மையிலேயே நாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். விமானத்தின் எந்திரம் ஒன்று ஒழுங்காக இயங்கியிருந்தால் இந்த வரலாறே இல்லை. நம் காப்பிய மரபு இத்தகைய தற்செயல்களை ஊழ் என்று பெயரிட்டு எளிதாகக் கடந்துவிடும். விமானத்தளத்தின் மொழியில் அது பெயர்ப்பலகையில் ஒரு பெயரை அழித்து இன்னொன்றை எழுதுவது மட்டுமே.

தாக்குதல் முடிந்து விமானங்கள் தாழப் பறந்து திரும்பிக்கொண்டிருந்த வேளையில், பாகிஸ்தான் விமானி ஃப்ளைட் லெஃப்டினன்ட் அம்ஜத் உசேன் ஸ்டார்ஃபைட்டர் ஒன்றில் வந்து தேவய்யாவின் விமானத்தைப் பிடித்தார். ஸ்டார்ஃபைட்டர் என்னும் எஃப்-104 ஒலியைப்போல் இரு மடங்கு வேகம் கொண்டது; அமெரிக்காவிடமிருந்து பெற்ற அவை ஒரு டசன் அளவே பாகிஸ்தானிடம் இருந்தன. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் குண்டுகளைக் கக்கும் சுழற்பீரங்கியும், வெப்பத்தைத் தேடிச் செல்லும் சைட்விண்டர் ஏவுகணையும் அதன் படைக்கலங்கள். மிஸ்டேரோ முந்தைய தலைமுறை விமானம். அதற்கு இரண்டு பீரங்கிகள் மட்டுமே. ஏவுகணை குறி தவறியது. பின்னர் பீரங்கிக் குண்டுகள் மிஸ்டேரைத் தாக்கின. அதன் கதை முடிந்தது என்று எண்ணிய அம்ஜத் உசேன் அடுத்த இலக்கைத் தேடித் திரும்பினார். அடிபட்ட மிஸ்டேர் வீழவில்லை. திரும்பி அவரோடு போரிட்டது. விரைவில் மிகைத்த விமானத்தைத் தன் வளைவுச் சண்டைக்குள் இழுத்து, பீரங்கியால் சுட்டு வீழ்த்தியது. அம்ஜத் உசேன் குடைவழியே குதித்து உயிர் பிழைத்தார். தேவய்யா பிழைக்கவில்லை. அவர் உடலை அப்பகுதிக் கிராமத்து மக்கள் வயலில் அடக்கம் செய்தனர் என்பது பின்னாளில் தெரியவந்தது.

மேலே உள்ள பத்தியை நாம் இன்று எளிதாக எழுதிவிட்டோம். 1965 செப்டம்பரில் ஆதம்பூரில் இருந்த ஒருவராலும் இதில் பாதியைக்கூட எழுதியிருக்க முடியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே: சென்ற விமானங்களுள் ஒன்று திரும்பவில்லை. எங்கே வீழ்ந்தது, எப்படி வீழ்ந்தது, தரையிலிருந்து சுடப்பட்டதா, வானில் சுடப்பட்டதா, எதுவும் தெரியாது. உடன் சென்றோர் எரிபொருளை எண்ணியபடி எல்லையை நோக்கி விரைந்துகொண்டிருந்தனர். திரும்பிப் பார்க்க நேரமுமில்லை, பார்த்தாலும் தெரிந்திருக்காது.

விமானப்படையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் தெருவில், நான்கு வீடு தள்ளி இருக்கிறார். எண்பதைக் கடந்தவர். 1965இல் அவர் வேறொரு தளத்தில், வேறொரு வகை விமானத்தோடு இருந்தார். பிஸ்கட் டின்னில் பஞ்சு பரப்பி அவர் வைத்திருக்கும் பதக்கங்களை ஒருநாள் நமக்குக் காட்டினார். ஒன்று ரக்ஷா மெடல், 1965. இன்னொன்று நீண்ட சேவைக்கானது. விளிம்பில் அவர் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. நாம் மரியாதையோடு கையில் வாங்கிப் பார்த்ததைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது வீரத்துக்குக் குடுத்தது இல்ல சார். அந்த நேரத்துல சர்வீஸ்ல இருந்த எல்லாருக்கும் குடுத்தது. பேரு மட்டும்தான் தனித்தனி.”

தேவய்யாவைப் பற்றி நாம் படித்ததைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “பைலட் ஏறி உக்காந்ததும் ஏணிய எடுத்துட்டு ஓரமா வந்து நின்னுடுவோம் சார். அதுக்கப்புறம் எங்க வேலை எண்றதுதான். நாலு போச்சா, நாலு வந்துதா. மூணு வந்தா அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்போம். ஃப்யூவல் எத்தன நிமிஷத்துக்கு வரும்னு எங்களுக்குத் தெரியும், நாங்கதான நெரப்புனோம். அந்த நேரம் தாண்டுனாலும் ஏணிய உடனே எடுத்துட்டுப் போக யாருக்கும் மனசு வராது.”

“அப்புறம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கு எப்போ தெரியும் ஐயா?” என்று கேட்டோம்.

“பாதி நேரம் தெரியவே தெரியாது” என்றார்.

வீர விருதுகளைப் பற்றி நூல்களில் படிப்போர் உலோகத்தையும் பட்டு நாடாவையும் முதலில் கவனிப்பர். நாமும் அப்படித்தான் தொடங்கினோம். அதிலும் சுவை இல்லாமல் இல்லை. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா ஆகிய மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுபடியாகும் என்று அறிவிக்கப்பட்டன. பரம் வீர் சக்ரா வெண்கலம்; ஊதா நிற நாடா. அதில் இந்திரனின் வச்சிராயுதம் நான்கு முறை பொறிக்கப்பட்டிருக்கும். அதை வடிவமைத்தவர் ஐரோப்பாவில் பிறந்து இந்திய இராணுவ அதிகாரி ஒருவரை மணந்து இந்நாட்டின் புராணங்களில் தோய்ந்துபோன சாவித்திரி கானோல்கர். தன் முதுகெலும்பையே ஆயுதத்துக்கு ஈந்த ததீசி முனிவரின் கதையை அவர் நினைவில் கொண்டிருந்தார் என்பர். மகா வீர் சக்ரா வெள்ளி. ஐந்து முனை விண்மீனும் நடுவே அரசுச் சின்னமும் கொண்டது. நாடாவில் பாதி வெண்மை, பாதி காவி. தரவரிசையில் இரண்டாவது.

ஆனால் உலோகம் எல்லாருக்கும் ஒன்றே. ஒருவருடைய பதக்கத்தை இன்னொருவருடையதிலிருந்து வேறுபடுத்துவது உடன் வரும் சான்றுரைதான். எந்நாள், எவ்விடம், என்ன செய்தார் என்று சில வாக்கியங்கள். அதை யாரேனும் எழுத வேண்டும். எழுதுபவருக்கு யாரேனும் சொல்ல வேண்டும். சொல்பவர் கண்டிருக்க வேண்டும். படைத்தலைவர் பரிந்துரைக்க, மேலிடங்கள் ஆராய, இறுதியில் அரசிதழில் வெளியாக வேண்டும். காலாட்படை வீரர் ஒருவர் குன்றேறிப் போரிட்டால் அவருக்குப் பின்னே பத்துப் பேராவது இருப்பர். அவர்களில் ஒருவராவது பிழைத்துச் சொல்வார். ஒற்றை இருக்கை விமானத்தில் ஏறியவருக்குப் பின்னே ஒருவரும் இல்லை. தமிழ் படித்த நமக்கு இது கொஞ்சம் தாமதமாகவே உறைத்தது. வீரவிருது வீரத்தை அளக்கிறது என்று எண்ணியிருந்தோம். வீரத்தைப் பற்றிக் கிட்டிய சொற்களைத்தான் அது அளக்கிறது. சொற்கள் கிட்டாதபோது அதன் தராசில் வைக்க ஒன்றுமில்லை.

முதல் உலகப்போரிலேயே இந்தத் தொல்லை தொடங்கிவிட்டது. கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய், பிரிட்டிஷ் விமானப்படையின் 40ஆம் ஸ்குவாட்ரனில் பறந்து, 1918 ஜூலையில் பதின்மூன்று நாள்களுக்குள் எதிரி விமானங்கள் பலவற்றை வீழ்த்தினார். 1918 ஜூலை 22 அன்று பிரான்சு நாட்டு வானில் வீழ்ந்து இறந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. செப்டம்பரில் டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ் என்னும் பதக்கம் அறிவிக்கப்பட்டது. அந்தப் பதக்கமே அவ்வாண்டு ஜூன் மாதம்தான் புதிதாக நிறுவப்பட்டிருந்தது. அவருடைய சான்றுரை ஒன்பது விமானங்கள் என்கிறது. வரலாற்றாசிரியர்களின் பட்டியல்கள் பத்து என்கின்றன. இந்த ஒன்றின் வேறுபாடு அலட்சியத்தால் நேர்ந்ததன்று. சுழன்றபடி மேகத்துக்குள் மறைந்த விமானத்தை வீழ்ந்தது என்பதா, தப்பியது என்பதா? ‘கட்டுப்பாடிழந்து வீழ்ந்தது’ என்று ஒரு தனி வகையையே பிரிட்டிஷார் கணக்கில் வைத்திருந்தனர். ஜெர்மானியர் பெரும்பாலும் தம் எல்லைக்குள்ளேயே சண்டையிட்டதால், வீழ்ந்த விமானத்தின் சிதைவைத் தரையில் சென்று பார்த்து உறுதிசெய்ய அவர்களுக்கு வாய்ப்பு மிகுதி. தன் மண்ணின் மேலே போரிடுபவனுக்குச் சாட்சி எளிது. அயல் மண்ணின் மேலே போரிடுபவனுக்கு அரிது.

தேவய்யா இறந்த அதே செப்டம்பர் 7 அன்று, அதே சர்கோதா வானில், சாட்சியின் மறுபக்கம் ஒன்றும் அரங்கேறியது. பாகிஸ்தான் விமானி எம்.எம். ஆலம், ஐந்து இந்திய ஹண்டர் விமானங்களை ஒரே நிமிட அளவில் வீழ்த்தியதாக அறிவிக்கப்பட்டார். அந்நாட்டில் அவர் பெரும் புகழ் பெற்றார். பாடநூல்களிலும் சாலைப் பெயர்களிலும் இடம்பெற்றார். இந்தியத் தரப்பு ஆய்வாளர்கள் தம் இழப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டு ஐந்து என்ற எண்ணிக்கையை ஏற்க மறுக்கின்றனர். யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஆலம் திறன் மிக்க விமானி என்பதில் இரு தரப்புக்கும் ஐயமில்லை. நம்மை நிறுத்திய செய்தி வேறு. ஒரே நாளில், ஒரே ஊரின் வானில், ஒருவர் செய்தது உடனே உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஒருவர் செய்தது அவருடைய ஸ்குவாட்ரனுக்கே தெரியவில்லை.

இதற்கு நேர்மாறாக நிர்மல்ஜித் சிங் செக்கானின் வரலாற்றைப் படிக்கலாம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானத்தளத்தின்மேல் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் ஆறு பாய்ந்தன. ஓடுபாதையில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதே நாட் என்னும் சிறு விமானத்தில் செக்கான் மேலெழும்பினார். தனித்து நின்று போரிட்டார்; வீழ்ந்தார். அவர் உடல் கிடைக்கவே இல்லை. ஆனால் அவர் போரிட்டது தன் சொந்தத் தளத்தின் தலைக்குமேல். கீழே இருந்தோர் பார்த்துக்கொண்டிருந்தனர். வானொலியில் அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தனர். பரம் வீர் சக்ரா உடனடியாக அறிவிக்கப்பட்டது. விமானப்படையில் அவ்விருதைப் பெற்றவர் இன்றளவும் அவர் ஒருவரே. அவரை எதிர்த்து வந்தவர்களில் ஒருவரான சலீம் பெய்க் மிர்சாவும் பின்னாளில் அவர் வீரத்தைப் பாராட்டி எழுதினார். செக்கானின் புகழில் குறைசொல்ல ஒன்றுமில்லை. தேவய்யாவையும் அவரையும் அருகருகே வைக்கும்போது, இருவருக்கும் இடைப்பட்ட தொலைவு துணிவில் இல்லை. எந்த ஊரின் வானம் என்பதில் இருக்கிறது.

வகுப்பில் புறத்திணை நடத்தும்போது நடுகல்லின் ஆறு நிலைகளை நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுவதுண்டு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, வாழ்த்துவது வரை தொல்காப்பியர் வரிசைப்படுத்திவிட்டார். தேவய்யாவைப் படித்த ஆண்டில்தான் ஒன்று கண்ணில் பட்டது. காட்சி என்று அவர் குறித்தது கல்லைக் காண்பதை. வீரன் வீழ்ந்ததை யாரோ கண்டாயிற்று என்பது அதற்கு முன்பே முடிந்த செய்தி. இலக்கணம் அதைக் கேட்பதே இல்லை. ஆநிரை கவர்ந்தவனும் மீட்டவனும் ஊர்ப் பக்கத்திலேயே பொருதனர். கூட இருந்தோர் கண்டனர். யாரும் காணாத இடத்தில் வீழ்ந்தவனுக்கு எந்த ஊர் கல் தேடும் என்பதற்கு அந்த வரிசையில் நிலை இல்லை.

பதினான்கு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 1979இல் ஜான் ஃப்ரிக்கர் என்னும் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் 1965 விமானப்போரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பாகிஸ்தான் விமானப்படையின் ஒத்துழைப்போடு, பெரிதும் அதன் பார்வையில் எழுதப்பட்ட நூல் அது. இந்தியாவில் அதைப் படித்தோர் பலருக்குச் சினமே வந்திருக்கும். அந்த நூலில்தான், சர்கோதா தாக்குதலின்போது இழந்த ஸ்டார்ஃபைட்டரைப் பற்றிய விவரம் வந்தது. ஏற்கெனவே அடிபட்ட இந்திய மிஸ்டேர் ஒன்று திரும்பிப் பொருது அதை வீழ்த்தியது என்ற விவரம். அந்த மிஸ்டேரின் விமானி யார் என்று நூல் சொல்லவில்லை. எழுதியவருக்குத் தெரிய வழியும் இல்லை.

பெயரை நிரப்ப இந்தப் பக்கத்தில் ஒருவரால் முடிந்தது. அன்று தலைமை தாங்கிச் சென்ற தனேஜாவுக்கு விவரம் எட்டியபோது, தன் அணியில் அன்று திரும்பாதவர் யார் என்று அவர் எந்த ஏட்டையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை. திரும்பியவர் எல்லாரையும் அவர் அறிவார்; அவர்களில் ஒருவரும் ஸ்டார்ஃபைட்டரோடு பொருததாகச் சொன்னதில்லை. எஞ்சியவர் ஒருவர். அவர் முன்வந்து எழுத, விமானப்படையும் அரசும் ஆராய, 1988இல் தேவய்யாவுக்கு மகா வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. போர் முடிந்து இத்தனை காலம் கழித்துப் பழைய போருக்குப் பதக்கம் வழங்கும் வழக்கம் கிடையாது. விதியைத் தளர்த்தித்தான் வழங்கினர். அவருடைய துணைவியார் அதைப் பெற்றுக்கொண்டார். மறைவுக்குப் பின் மகா வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் என்று தேவய்யா குறிப்பிடப்படுகிறார்.

இருபத்து மூன்று ஆண்டுகள் அந்த வீட்டில் எப்படிக் கழிந்தன என்று எழுத நமக்கு உரிமை இல்லை. நாம் அந்த வீட்டை அறியோம். ஒன்றைமட்டும் எண்ணிப் பார்க்க முடிகிறது. கணவர் போரில் இறந்தார் என்பது ஒரு செய்தி. அவர் திரும்பவில்லை, ஏன் என்று தெரியாது என்பது இன்னொரு செய்தி. முதல் செய்தியோடு ஒருவர் அழுது ஓய முடியும். இரண்டாவதில் ஒவ்வோர் இரவும் ஒரு புதிய முடிவைக் கற்பனை செய்ய இடமிருக்கிறது. 1988இல் அவ்வீட்டுக்கு வெள்ளிப் பதக்கம் வந்து சேர்ந்ததைவிட, அந்தக் கடைசி நிமிடங்களின் விவரம் வந்து சேர்ந்ததே பெரிது என்று நமக்குத் தோன்றுகிறது. இதில் நம்மோடு மாறுபடும் வாசகர்கள் இருக்கக்கூடும். விருதால் குடும்பத்துக்குக் கிடைக்கும் மதிப்பும் உதவித்தொகையும் சிறியவை அல்ல என்று அவர்கள் சொன்னால் நாம் மறுக்கப் போவதில்லை.

அம்ஜத் உசேனுக்கும் அவர் நாடு 1965 போருக்காக சிதாரா-இ-ஜுரத் என்னும் விருதை வழங்கியது. 1971 போரில் அமிர்தசரஸ் பகுதியில் தரையிலிருந்து சுட்டதில் அவர் விமானம் வீழ்ந்தது. குதித்துப் பிழைத்துப் போர்க்கைதியாக இந்தியாவில் இருந்தார். இந்தக் குறிப்பைக் கண்டபோது நமக்கு உடல் சிலிர்த்தது. தேவய்யாவின் இறுதிப் போரைக் கண்ணால் கண்ட ஒரே மனிதர், அந்தப் போருக்கு ஆறு ஆண்டுகள் கழித்து இந்த மண்ணில் இருந்திருக்கிறார். சர்கோதாவில் உன்னை வீழ்த்தியது யார் என்று அவரிடம் யாரும் கேட்டிருப்பார்களா? கேட்கும் எண்ணம் யாருக்கும் எழக் காரணமே இருந்திருக்காது. கேள்வி இருப்பதே அப்போது இந்தியாவில் யாருக்கும் தெரியாது.

எதிரியின் நேர்மையைப் புகழ்ந்து இவ்விடத்தில் இரண்டு பத்தி எழுதுவது எளிது. பலர் எழுதியும் இருக்கிறார்கள். நாம் அத்தனை தூரம் போக விரும்பவில்லை. தன் தரப்பு விமானம் ஏன் வீழ்ந்தது என்பதை ஒரு நூல் விளக்க வேண்டியிருந்தது. விளக்கும்போது எதிர்த்தவனின் திறனும் உடன்வந்துவிட்டது. அது போதும். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அடிபட்ட பழைய விமானம் ஒன்று தன் ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தியது என்று சொல்வது எந்த விமானிக்கும் இனிய செய்தியன்று. அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கேட்பார் யாருமில்லை.

பிறகு எல்லாம் விரைவாக நடந்தன. பி.வி.எஸ். ஜகன் மோகனும் சமீர் சோப்ராவும் இரு தரப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டு 2005இல் வெளியிட்ட 1965 விமானப்போர் நூலில் தேவய்யாவின் இடம் உறுதியாயிற்று. குடகின் மடிக்கேரியில் ஒரு சாலைச் சந்திப்பு அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் நம் மனம் அந்த வெற்றியில் நிலைத்திருக்க மறுக்கிறது. தேவய்யாவுக்கு ஒரு ஃப்ரிக்கர் வாய்த்தார். வீழ்ந்த எதிரி குதித்துப் பிழைத்தார். தலைமை தாங்கியவர் நெடுநாள் வாழ்ந்து, நினைவில் வைத்திருந்து, மனுச் செய்தார். இந்த மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் அவர் இன்றும் திரும்பாதவர் பட்டியலில் ஒரு வரியாகவே இருந்திருப்பார். 1971 போரில் காணாமற்போய் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியாத இந்திய வீரர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் விமானிகள் பலர். அவர்கள் கடைசி நிமிடத்தில் செய்ததை எந்த நூலும் எழுதவில்லை. ஏணியை எடுத்துச் செல்ல மனம் வராமல் யாரோ ஓடுபாதை ஓரத்தில் நின்றிருப்பர் என்பதை மட்டும் நம் தெருப் பெரியவரின் சொல்லால் அறிகிறோம்.

2025 ஜனவரியில் இந்த நிகழ்வைத் தழுவி ‘ஸ்கை ஃபோர்ஸ்’ என்ற இந்தித் திரைப்படம் வந்தது. திரைப்படமாக அதைப் பற்றிச் சொல்ல நம்மிடம் அதிகம் இல்லை. விமானங்கள் நன்றாகப் பறந்தன; பாட்டுகளைக் குறைத்திருக்கலாம். கதையில் தேவய்யாவின் பெயரை மாற்றியிருந்தனர். பெயரில்லாத மிஸ்டேர் விமானிக்குப் பெயர் கண்டுபிடிக்கவே இத்தனை ஆண்டுகள் ஆன ஒரு வரலாற்றில், கண்டுபிடித்த பெயரை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க எப்படி மனம் வந்ததோ!

படம் பார்த்துவிட்டு வந்த முதுகலை மாணவர் ஒருவர், நடுகல் வகுப்பின் முடிவில் அந்த விமானியின் உண்மையான பெயரைக் கேட்டார். ஆறு நிலைகளுக்குக் கீழே மீதமிருந்த இடத்தில் முழுப் பெயரையும் எழுதினோம். முதலில் நிற்கும் அஜ்ஜமட என்பது என்ன என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி வினவினார். ஊர்ப் பெயரா, பட்டமா என்று. குடகர் தம் குடிப்பெயரை முன்னே வைத்து எழுதுவர், அதன் பின்னர் தந்தை பெயர், கடைசியில்தான் தம் பெயர் என்று சொன்னோம். மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்புக்கு வந்தவர்கள் பலகையை அழிக்குமுன் சிலர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.